செம்மண் சடக்கும் மிதிவண்டியும்: நெகிரி செம்பிலான் தோட்டப் பாதைகளின் வரலாறு



விடுமுறை நாட்களின் அதிகாலையில் நெகிரி செம்பிலானின் உட்புறச் சாலைகளில் தலைக்கவசம் அணிந்த மிதிவண்டியோட்டிகள் அணியணியாகச் செல்வதை இப்போது காண முடிகிறது. கோலாலம்பூரிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் வருகின்ற அவர்கள் நாடுவது அமைதியை. லாரியும் பேருந்தும் மிகுதியாக ஓடாத, ஏற்றமும் இறக்கமும் நிறைந்த, இருபுறமும் பசுமை சூழ்ந்த பாதைகள் இம்மாநிலத்தில் ஏராளம். புக்கிட் பூத்துஸ் மலைச்சாலை, ஜெலுபு மலைச்சாலை, ரந்தாவ் - சிலியாவ் வட்டாரம், பகாவ் - ரொம்பின் வட்டாரம், தம்பின் - கெமெஞ்சே - கெமாஸ் சாலை என்று அப்பட்டியல் நீளும்.

இப்பாதைகளின் அழகைப் பலர் பேசுகின்றனர். அவற்றின் வரலாற்றைப் பேசுவோர் குறைவு. அச்சாலைகளிலிருந்து பிரியும் செம்மண் சடக்குகள் யாருக்காக வெட்டப்பட்டன? அவற்றில் யார் மிதிவண்டியில் சென்றார்கள், யார் நடந்து சென்றார்கள்? மிதிவண்டியில் அமர்ந்து செல்வதையே ஓர் உரிமையாகக் கேட்டுப் போராட வேண்டிய நிலை நம் முன்னோருக்கு ஏன் வந்தது? தமிழ்ப்பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் இவ்வினாக்களுக்கு விடை அறிந்திருக்க வேண்டும் என்பது அடியேனின் விருப்பம். ஆகவே இக்கட்டுரை.

மிதிவண்டி நம்மை அழைத்து வந்த கதை

தமிழர்கள் மலாயாவுக்கு வந்த பிறகுதான் மிதிவண்டி அவர்கள் வாழ்வில் நுழைந்தது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் நம்மவர்கள் இத்துணை பெரிய எண்ணிக்கையில் இங்கு வந்து சேர்ந்ததற்கே மிதிவண்டியும் ஒரு காரணம்.

1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தடைந்தன. ஆயினும் அடுத்த பதினெட்டு ஆண்டுகள் அம்மரத்தைச் சீந்துவார் அரிதாகவே இருந்தனர். அக்காலத்துத் தோட்ட முதலாளிகளின் நாட்டம் முழுவதும் காப்பியின் மீதே இருந்தது. சுங்கை ஊஜோங் என்று அன்று வழங்கப்பட்ட சிரம்பான் வட்டாரத்தில், ரந்தாவுக்கு அருகிலுள்ள லிங்சம் போன்ற தோட்டங்கள் 1880களில் காப்பித் தோட்டங்களாகவே தொடங்கின. தென்னிந்தியத் தொழிலாளர்கள் அங்கு முதலில் பறித்தது காப்பிப் பழங்களைத்தான்.

நிலைமை மாறியதற்கு இரு காரணங்கள். பிரேசிலின் பெருவிளைச்சலால் 1890களின் பிற்பகுதியில் காப்பி விலை சரிந்தது. மற்றொன்று, 1888இல் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், காற்றடைத்த இரப்பர் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக அவர் செய்து பார்த்த சிறு முயற்சி அது. அதன் பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிதிவண்டி மோகம் கரைபுரண்டது. இலட்சக்கணக்கான மிதிவண்டிச் சக்கரங்களுக்கு இரப்பர் தேவைப்பட்டது. மோட்டார் வண்டி பெருகியது அதற்கும் பின்னர்தான்.

அதே 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் முதல் வணிக இரப்பர்த் தோட்டத்தை உருவாக்கினார். 1910இல் இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு இரப்பரின் விலை 12 ஷில்லிங்கையும் தாண்டியது. காப்பித் தோட்டங்கள் கித்தாத் தோட்டங்களாக மாறின. காடுகள் அழிந்தன. கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களுக்குச் சென்று ஆள் சேர்த்தனர். டன்லப் நிறுவனமே பின்னர் மலாயாவில் பெருந்தோட்டங்களை வாங்கியது. பகாவ் வட்டாரத்திலும் அதற்குத் தோட்டம் இருந்தது.

ஆக, எங்கோ ஒரு தந்தை தம் மகனின் சிறு வண்டிக்குச் செய்த சக்கரம், நம் பூட்டனைக் கப்பலேற்றி லயன் வீட்டில் குடியமர்த்திய நிகழ்வுகளின் சங்கிலியில் ஒரு கண்ணியாயிற்று.

சடக்கு உருவான விதம்

'சடக்கு' என்பது நம் தோட்டத் தமிழுக்கே உரிய சொல். இந்துஸ்தானி மொழியில் 'சடக்' என்றால் சாலை. அச்சொல் மலாயாத் தமிழர் நாவில் சடக்கு என நிலைபெற்றது. 'செம்மண் சடக்கு' என்றால் தோட்டத்து உட்பாதை. 'தார்ச் சடக்கு' என்றால் அரசாங்கத்தின் பொதுச்சாலை.

நெகிரி செம்பிலான் சமவெளி நிலமன்று. தித்திவாங்சா மலைத்தொடரின் தென்கோடி இம்மாநிலத்தின் ஊடே செல்கிறது. சிரம்பானுக்கும் கோலாப்பிலாவுக்கும் இடையில் 825 மீட்டர் உயரமுள்ள ஆங்சி மலை நிற்கிறது. மலைத்தொடருக்கு மேற்கே கடலை நோக்கி இறங்கும் நிலமும் அலையலையான சிறு குன்றுகளால் ஆனது. நீர் தேங்கும் தாழ்நிலத்தில் இரப்பர் செழிக்காது. நீர் வடிகின்ற சரிவுநிலமே அதற்கு ஏற்றது. எனவே இக்குன்றுகள் தோட்டக்காரர்களின் கண்ணுக்குப் பொருத்தமாகத் தெரிந்தன.

குன்றில் மரம் நட்டால் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லும். அதைத் தடுக்கச் சரிவைச் சுற்றிலும் ஒரே உயரத்தில் படிப்படியாக வரப்பு வெட்டி நிரைகள் அமைத்தனர். சடக்குகளும் அவ்வாறே குன்றை நேராக ஏறாமல் சுற்றிச் சுற்றி வளைந்து ஏறின. தொடக்கத்தில் பாலையும் தட்டு இரப்பரையும் ஏற்றிச் சென்றவை மாட்டு வண்டிகள். சுமையோடு மாடு ஏறக்கூடிய சரிவே சடக்கின் சரிவு. இன்றைய மிதிவண்டியோட்டி இப்பாதைகளில் மூச்சு வாங்காமல் ஏற முடிகிறது என்றால், அதற்கான காரணங்களுள் ஒன்று நூறாண்டுகளுக்கு முன் வண்டி இழுத்த அந்த மாடு. மண்வெட்டியும் கூடையும் கொண்டு அப்பாதையை வெட்டிய கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள்.

தோட்டத்துச் சடக்கு பொதுச்சாலையையோ இரயில் நிலையத்தையோ சென்று சேர வேண்டும். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த சுங்கை ஊஜோங் இருப்புப்பாதை 1891இல் திறக்கப்பட்டது. ஈயமும் காப்பியும், பின்னர் இரப்பரும் அவ்வழியே துறைமுகம் சென்றன. இன்று அப்பாதையில் பயணிகள் இரயில் ஓடுவதில்லை. ஆயினும் ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கும், தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கும் செல்லும் வலைப்பின்னல் அக்காலத்தில்தான் உருவாயிற்று.

யார் ஏறினார்? யார் இறங்கினார்?

தோட்டத்தில் மிதிவண்டி ஒரு வாகனமாக மட்டும் இருக்கவில்லை. அது ஒருவரின் படிநிலையைக் காட்டும் அடையாளம். துரைக்குக் குதிரை, பின்னர் மோட்டார் வண்டி. கிராணிக்கும் மருந்துக்கடை டிரெசருக்கும் மிதிவண்டி. பால் வெட்டுபவருக்குக் கால்நடை. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, தீம்பாருக்கு நடந்து, நிரை நிரையாக மரம் சீவி, நண்பகலில் காண்டாக் கம்பின் இருபுறமும் பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்து வருவதே அவர்களின் அன்றாடம்.

1930களில் சில தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேமித்து மிதிவண்டி வாங்கத் தொடங்கினர். அப்போது ஓர் எழுதப்படாத சட்டம் குறுக்கே நின்றது. எதிரே துரையோ மேலாளர்களோ வந்தால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும்! தம் உழைப்பால் வாங்கிய வண்டியில், தாம் வெட்டிய சடக்கில், அமர்ந்தபடியே கடந்து செல்ல அவருக்கு உரிமை இல்லை.

இவ்விழிவு ஒருநாள் கோரிக்கையாக வெடித்தது. 1941இல் அண்டை மாநிலமாகிய சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அப்போராட்டத்தின் முன்னணியில் நின்றார். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளை ஒருமுறை ஊன்றிப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, கொடுமை செய்யும் மேற்பார்வையாளர்களை நீக்குதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், முறையான மருத்துவ வசதி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை. இவற்றோடு மேலாளர்கள் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் அப்பட்டியலில் இடம்பெற்றது.

கூலி உயர்வுக்கும் மருத்துவத்துக்கும் நிகராக இதை ஏன் வைத்தார்கள்? வயிற்றுக்குச் சோறு கேட்டவர்கள் அதே மூச்சில் மானத்தையும் கேட்டார்கள் என்பதுதான் விடை. பிள்ளைகளின் கல்வியும் அதே பட்டியலில் இருந்ததைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நாம் ஒருபோதும் மறத்தலாகாது. பத்தோ அதற்கு மேலோ பள்ளிவயதுப் பிள்ளைகள் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. ஆனால் பல தோட்டங்களில் அது பெயரளவில் நின்றது. எனவேதான் 'முறையான' கல்வி கேட்டனர்.

அரசு 1941 மே மாதத்தில் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. படைகள் வரவழைக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். போராட்டம் ஒடுக்கப்பட்டது.

கெமெஞ்சே பாலம், 1942

வரலாறு சிலவேளை கொடிய நகைச்சுவை செய்யும். மிதிவண்டியில் அமரும் உரிமையைத் தமிழனுக்கு மறுத்த ஆட்சி, அடுத்த எட்டு மாதங்களுக்குள் மிதிவண்டியில் வந்த படையிடம் மலாயாவின் பெரும்பகுதியை இழந்தது.

1941 டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். அவர்களின் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஏறத்தாழ 500 மோட்டார் வண்டிகளும் 6,000 மிதிவண்டிகளும் இருந்தன என்று போர்த்திட்டம் வகுத்த அதிகாரி மசானோபு ட்சுஜி பின்னர் எழுதினார். போருக்கு முன்னரே சப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் மலிவாக விற்கப்பட்டதால் உதிரிப்பாகங்களும் எளிதில் கிடைத்தன. பொதுமக்களின் மிதிவண்டிகளும் பறிமுதலாயின. வெப்பத்தால் சக்கரங்கள் வெடித்தபோது வெறும் இரும்பு வளையத்தின் மீதே ஓட்டினர். இரவில் அவ்வோசை பீரங்கி வண்டிகள் வருவதுபோல் கேட்டது என்றும் அவர் குறிப்பிட்டுள்ளார். பாலம் தகர்க்கப்பட்டிருந்தால் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தனர். நல்ல தார்ச் சாலையும் அதையொட்டிய தோட்டச் சடக்குகளும் அவர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தன. பொதுச்சாலையில் காவல் இருந்தால் தோட்டத்துக்குள் புகுந்து சுற்றி வந்து பின்னாலிருந்து தாக்கினர்.

கோலாலம்பூர் 1942 சனவரி 11இல் வீழ்ந்தது. அதன்பின் சப்பானியர் நெகிரி செம்பிலானுக்குள் நுழைந்தனர். சனவரி 14ஆம் நாள் மாலை, கெமாஸ் நகருக்கு மேற்கே கெலாமா ஆற்றின் மீதிருந்த கெமெஞ்சே பாலத்தருகே ஆஸ்திரேலியாவின் 2/30ஆம் படையணியைச் சேர்ந்த ஒரு பிரிவு பதுங்கியிருந்தது. இருபுறமும் காடு அடர்ந்த சாலை. சப்பானிய வீரர்கள் ஐவர் அறுவராக அணிவகுத்து, துப்பாக்கிகளை வண்டியில் கட்டிக்கொண்டு, சிரித்துப் பேசியபடி மிதித்து வந்தனர். முதலில் வந்த சில நூறு பேரைப் போகவிட்டு, பாலத்தின் மீதும் அதன் பின்னும் கூட்டம் நிறைந்தபோது வெடிவைத்துப் பாலத்தைத் தகர்த்தனர். பின்னர் இருபுறமிருந்தும் சுட்டனர். பீரங்கிப் படைக்குத் தகவல் தரவேண்டிய தொலைபேசிக் கம்பி துண்டிக்கப்பட்டிருந்ததால் பீரங்கி முழங்கவில்லை. இருந்தும் சப்பானியருக்குப் பேரிழப்பு நேர்ந்தது. மாண்டோர் எண்ணிக்கை நூல்தோறும் மாறுபடுகிறது.

ஆனால் சில மணி நேரத்துக்குள் சப்பானியர் மரங்களைக் கொண்டு பாலத்தைச் சீரமைத்து முன்னேறினர். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

இன்று அவ்விடத்தில் நினைவுச்சின்னம் உண்டு. தம்பினிலிருந்து கெமாஸ் செல்லும் மிதிவண்டியோட்டிகள் அங்கு நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அப்பக்கத்துத் தோட்டங்களில் அன்று வாழ்ந்த நம்மவர்கள் என்ன ஆனார்கள் என்பதை அச்சின்னம் சொல்லாது. துரைமார் தோட்டத்தை விட்டகன்றனர். கூலி நின்றது. அரிசி அற்றுப்போனது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. பின்னர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் - பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் காலராவாலும் பசியாலும் மடிந்தோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர்க்குக் கல்லறை கிடையாது; பெயர்ப்பட்டியலும் கிடையாது.

அவசரகாலமும் அதன் பின்னரும்

போர் முடிந்தும் சடக்குகளுக்கு அமைதி திரும்பவில்லை. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். தோட்டத்து லயன்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. ஊரடங்கு நேரம் விதிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, வேலைக்குச் செல்வோர் வாயிலில் சோதனையிடப்பட்டனர். மிதிவண்டியின் குழாய்க்குள்ளும் காற்றடிக்கும் பம்புக்குள்ளும் அரிசி ஒளித்துக் கடத்தப்படுகிறதா என்று பார்த்த காலம் அது. வெட்டுக்குப் போகும்போது சோற்றுப்பொட்டலம் கொண்டு செல்லவும் தடை இருந்த இடங்கள் உண்டு.

நாடு 1957இல் விடுதலை பெற்ற பின்னர்தான் மிதிவண்டி தோட்டத் தொழிலாளியின் சொத்தாயிற்று. 1960களிலும் 1970களிலும் ஒரு குடும்பத்தின் மிதிவண்டி என்னவெல்லாம் சுமந்தது! விடியலில் உளியும் வாளியும். மாலையில் பட்டணத்துச் சாமான் கடையிலிருந்து அரிசி மூட்டை. பின்னிருக்கையில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை. பிரசவ வலி கண்ட பெண்ணைப் பெரிய சடக்கு வரை உட்கார வைத்துத் தள்ளிச் சென்றவர்களும் உண்டு. ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல பல கிலோமீட்டர் மிதித்துத்தான் பேருந்து நிற்குமிடம் சேர்ந்தனர். இன்றைய பல பட்டதாரிகளின் கல்வி அந்த இரும்பு வண்டியின் மீதுதான் ஏறி வந்தது.

பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. 1980களிலிருந்து தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லாபு, நீலாய், செண்டாயான் வட்டாரங்களை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மாநிலத்தில் ஏறத்தாழ அறுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பலவற்றின் பெயரில் இன்னும் 'தோட்டம்' இருக்கிறது. பள்ளியைச் சுற்றித் தோட்டம் இருக்கிறதா என்பது வேறு செய்தி.

இன்றும் மிதிக்கத்தக்க அமைதிப் பாதைகள்

வரலாற்றை உணர்ந்து செல்ல விரும்புவோர்க்கு நான்கு பாதைகளைக் குறிப்பிடுகின்றேன்.

முதலாவது, சிரம்பானிலிருந்து ரந்தாவ், லிங்சம், சிலியாவ் வழியாகப் போர்ட்டிக்சன் செல்லும் உட்பாதை. சிறு குன்றுகளே உள்ளதால் பழகாதவர்க்கும் ஏற்றது. காப்பி, இரப்பர், செம்பனை என்னும் மூன்று காலங்களையும் கண்ட நிலம் இது.

இரண்டாவது, சிரம்பானையும் கோலாப்பிலாவையும் இணைக்கும் பழைய புக்கிட் பூத்துஸ் சாலை. அகலமான புதிய சாலை வந்த பிறகு, வளைவுகள் மிகுந்த பழைய சாலையில் வாகனங்கள் குறைந்துவிட்டன. 1875 டிசம்பர் 20இல் யாம் துவான் அந்தாவின் வீரர்கள் இக்கணவாயில் அமைத்திருந்த அரணைக் கேப்டன் சானர் தலைமையில் கூர்க்காப் படையினர் கைப்பற்றினர். சானருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. தம் மண்ணைக் காத்து நின்றவர்களை அப்பதக்கம் பேசுவதில்லை.

மூன்றாவது, சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா ஏறிக் கோலா கெலாவாங் அடைந்து, அங்கிருந்து தித்தி வழியாகக் கெந்திங் பெராஸ் கணவாயைக் கடந்து உலு லங்காட் இறங்கும் பாதை. நான்கினுள் கடினமானது இதுவே. நன்கு பயின்ற பெரியவர்களுக்கு மட்டும் உரியது. தித்தி அருகே 1942 மார்ச்சு மாதத்தில் சப்பானியப் படை ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனக் குடிமக்களைக் கொன்று குவித்தது. நம் துயரை நினைக்கும்போது அண்டை வீட்டாரின் துயரையும் நினைக்கக் கற்றுத்தரும் வழி அது.

நான்காவது, தம்பின் - கெமெஞ்சே - கெமாஸ் சாலை. போர் வரலாற்றை நேரில் கற்பிக்க இதனினும் சிறந்த இடம் இம்மாநிலத்தில் இல்லை.

இத்தாலியர் செய்தது என்ன?

மலைச்சாலைகளில் மிதிவண்டி ஓட்டுவோர் பெருமையுடன் பேசும் நாடு இத்தாலி. அங்குள்ள ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை 2,757 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை வளைவுகள். 1820களில் ஆஸ்திரியப் பேரரசு தன் ஆட்சிப்பகுதிகளை இணைக்க வெட்டிய சாலை அது. பேரரசு மறைந்தது, சாலை மிதிவண்டியோட்டிகளின் உடைமையாயிற்று.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் தஸ்கனி வட்டாரத்தில் உள்ளது. அங்குள்ள குன்றுகளில் திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே 'வெண்சாலைகள்' எனப்படும் சரளைப் பாதைகள் உண்டு. அவை தார் பூசப்பட்டு மறையத் தொடங்கியபோது, ஜியன்கார்லோ ப்ரோச்சி என்பவர் 1997இல் கையோலே என்னும் சிற்றூரில் 'லெரோயிகா' என்ற மிதிவண்டி விழாவைத் தொடங்கினார். பழங்கால மிதிவண்டிகளில், பழங்கால உடையில், அச்சரளைப் பாதைகளில் செல்ல வேண்டும் என்பது விதி. அவ்விழா வளர்ந்து உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கானோரை ஈர்த்தது. வேளாண் குடிகள் நடந்த பாதை காக்கத்தக்க மரபு என்று ஊராரும் அரசும் உணர்ந்தனர்.

அவர்களின் வெண்சாலைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று நம் செம்மண் சடக்கு. ஒரேயொரு வேறுபாடு: அவர்கள் தம் பாதையின் கதையைச் சொன்னார்கள், நாம் இன்னும் சொல்லவில்லை.

பள்ளியும் வீடும் செய்யக்கூடியவை

தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப்பாடமாக 2014 முதல் கற்பிக்கப்படுகிறது. பாடநூலில் மன்னர்களும் போர்களும் உண்டு. நம் பள்ளியின் வாசலிலிருந்து தொடங்கும் சடக்கு பாடநூலில் இராது. அதை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

மாணவர்களை எடுத்த எடுப்பில் மிதிவண்டியில் அழைத்துச் செல்ல வேண்டும் என்று கூறவில்லை. பெற்றோரின் அச்சம் நியாயமானது; செம்பனை லாரிகள் ஓடும் பாதைகள் பிள்ளைகளுக்கு உகந்தவை அல்ல. முதலில் வரைபடம் போதும். பள்ளியைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருந்த தோட்டங்களின் பெயர்களை மாணவர்கள் தம் தாத்தா பாட்டியிடம் கேட்டுக் குறிக்கட்டும். எந்தச் சடக்கு எங்கே சென்றது? பால் கொட்டகை எங்கே இருந்தது? கோயில் எங்கே? இடுகாடு எங்கே? வீட்டில் முதல் மிதிவண்டியை யார், எப்போது, எவ்வளவு கொடுத்து வாங்கினார்? அதில் முதலில் பள்ளிக்குச் சென்றவர் யார்? இவ்வினாக்களுக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபது, எண்பது அகவையில் இருக்கின்றனர். இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்கலாம் என்றால் கேட்பதற்கு ஆள் இராது.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்ட நிர்வாகத்திடம் முன்னனுமதி பெற்று, பெற்றோர்களும் உடன்வர, ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுடன் ஒரு கிலோமீட்டர் நடந்து செல்லலாம். தலைக்கவசமும் ஒழுங்கும் கைவந்த பிறகு பெரிய மாணவர்கள் பெற்றோருடன் மிதிவண்டியில் செல்லட்டும். நிற்குமிடமெல்லாம் ஒரு பெரியவர் ஒரு கதை சொல்லட்டும். அதை மாணவர்கள் தமிழில் எழுதட்டும். கட்டுரைப் பயிற்சிக்கு இதைவிட நல்ல தலைப்பு வேறு எங்கே தேடுவது?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'நாங்கள் தோட்டத்தில் பட்ட கஷ்டம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்' என்று பலர் மறைக்கின்றனர். அந்த அன்பு புரிகிறது. ஆனால் 1941இல் எழுதப்படிக்க வாய்ப்பற்ற தொழிலாளர்கள் 'நாங்கள் மிதிவண்டியிலிருந்து இறங்க மாட்டோம்' என்று நிமிர்ந்து நின்றனர். அதே மூச்சில் 'எங்கள் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும்' என்றும் கேட்டனர். இது மறைக்க வேண்டிய கதையன்று. பிள்ளையின் முதுகெலும்பை நிமிர்த்தும் கதை. அக்கோரிக்கையின் பயனைத்தான் நம் வகுப்பறைகள் இன்று துய்க்கின்றன.

உங்கள் பள்ளியின் பெயரிலுள்ள தோட்டம் எப்போது தொடங்கியது, அதன் சடக்கு இன்றும் இருக்கிறதா என்று இவ்வாரமே ஒரு பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டதைப் பிள்ளைகளின் கையால் எழுத வையுங்கள்.